மண்ணிலிருந்து எடுத்த பழைய இரும்பு: துருவை எடுப்பதா, உப்பை எடுப்பதா?

தேடுகம்பி:

அனைவருக்கும் வணக்கம். மெட்டல் டிடெக்டரில் காசோ பித்தளையோ கிடைத்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரும்பு என்றால் மட்டும் "துரு பிடித்த குப்பை, தூக்கிப் போடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அப்படித் தூக்கிப் போட மனசு வரவில்லை. (நில உரிமையாளரின் அனுமதியோடு, தேடத் தடையில்லாத இடத்தில் எடுத்தவைதான் எல்லாம்.)

இப்போது என்னிடம் இருப்பவை: கத்தி அலகு போல நீளமான ஒன்று, கனமான சங்கிலி வளையம் ஒன்று, தலை பெருத்த ஆணிகள் ஒரு கைப்பிடி. மேல் மண்ணை மட்டும் உதிர்த்து அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். காற்றில் ஈரம் ஏறும் நாட்களில் கத்தியின் மேல் கடுகளவு ஆரஞ்சுத் துளிகள் அரும்புகின்றன. ஒற்றி எடுத்தால் போகிறது, மறுபடியும் அதே இடத்தில் வருகிறது. ஓரத்தில் ஒரு சில்லு தானாகப் பெயர்ந்துவிட்டது. மண்ணுக்குள் அத்தனை காலம் தாக்குப்பிடித்தது வெளியே வந்ததும் ஏன் உதிர வேண்டும்? துருவை எப்படி எடுப்பது?

பட்டறைக்காரன்:

ஆணிக்கும் வளையத்துக்கும் ரொம்ப யோசிக்க வேண்டாம் நண்பரே. ஆங்கிள் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஒரு ஓட்டு ஓட்டினால் உலோகம் தெரிந்துவிடும். எஞ்சின் ஆயில் தடவி வைத்துவிடுங்கள். கத்திக்கு எலக்ட்ராலிசிஸ், அதாவது தண்ணீரில் மின்சாரம் செலுத்தித் துருவை எடுக்கும் மின்பகுப்பு நல்லது. ஒரு பிளாஸ்டிக் வாளி, சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், பழைய இரும்புத் தகடு, இவ்வளவுதான் தேவை. பழைய கருவிகளை எல்லாம் நான் இப்படித்தான் சுத்தம் செய்கிறேன்.

காப்புக்கூடம்:

தேடுகம்பி, முதலில் கத்தியை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறையப் போட்டு வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம். கிரைண்டர் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.

பழம்பொருள் பாதுகாப்பு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொட்டகையில் மாட்டியிருந்த பழைய அரிவாளின் துருவும், மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த இரும்பின் துருவும் வேறு வேறு. அரிவாளில் துரு மேலே இருக்கும், அடியில் நல்ல உலோகம் இருக்கும். தேய்த்தால் தீர்ந்தது. மண்ணில் கிடந்ததில் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே நகர்ந்து, சுற்றியுள்ள மண்ணையும் மணலையும் சேர்த்துக் கட்டியாகிவிடுகிறது. அந்தப் பொருளைச் செய்தவர் தொட்ட பழைய மேற்பரப்பு இப்போது உலோகத்தின் மேல் இல்லை. துருவின் நடுவில், பெரும்பாலும் கருமையான அடர்த்தியான ஒரு படலமாக இருக்கிறது. அதற்கு வெளியே இருப்பது மண் கலந்த துரு, உள்ளே இருப்பது உலோகத்தை விழுங்கிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும் துரு. கம்பி பிரஷ் இரண்டையும் பிரித்துப் பார்க்காது. பளபளவென்று உலோகம் தெரியும் வரை தேய்த்தால் கத்தியின் விளிம்பு, வளைவு, அச்சுக்குறி எல்லாம் தூசியாகப் போய்விட்டது என்று அர்த்தம்.

உங்கள் பொருளை அழித்துக்கொண்டிருப்பது துரு இல்லை. அதற்குள் அடைந்திருக்கும் உப்பு. அந்த ஆரஞ்சுத் துளிகள் அதைத்தான் சொல்கின்றன.

வேதிப்பித்தன்:

துளிகள் பற்றி நான் சொல்கிறேன். மண்ணுக்குள் இரும்பு துருப்பிடிக்கும்போது நேர்மின் சுமை கொண்ட இரும்பு அயனிகள் உருவாகின்றன. அந்தச் சுமையைச் சமன்செய்ய, ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பின் குளோரைடு அயனிகள் துருவின் துளைகள் வழியே உள்ளே இழுக்கப்பட்டு, உலோகமும் துருவும் சந்திக்கும் இடத்தில் சேர்ந்துவிடுகின்றன. மண்ணுக்குள் ஆக்சிஜன் குறைவு, அதனால் எல்லாம் மெதுவாக நடக்கும். தோண்டி எடுத்துக் காயவிட்டதும் மேலோடு விரிசல் விடுகிறது, காற்று நேராக உள்ளே போகிறது. அங்கே தேங்கியிருக்கும் இரும்பு குளோரைடு ஆக்சிஜனோடு சேர்ந்து அகாகனைட் என்ற புதிய துருவாக மாறுகிறது, கூடவே அமிலமும் உருவாகிறது. புதுத் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால் மேலோட்டை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. உங்கள் சில்லு பெயர்ந்தது இதனால்தான்.

குளோரைடு இந்த வினையில் தீர்ந்துபோவதில்லை. இரும்பைத் தின்றுவிட்டு விடுபட்டு, அடுத்த இரும்பைத் தின்னப் போகும். காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். துளி அரும்புவது அப்படித்தான். இந்தத் துளிகள் காய்ந்தால் சின்ன, உள்ளீடற்ற, உடையும் குமிழ்களாக நிற்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

பட்டறைக்காரன்:

உப்பு விஷயம் சரி. ஆனால் எலக்ட்ராலிசிஸ் அதற்கும் உதவுமே? எதிர்மின் முனையில் இருக்கும் பொருளிலிருந்து குளோரைடு விலகி நேர்மின் தகட்டுக்குப் போகும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மூழ்கிய மானிட்டர் போர்க்கப்பலின் பீரங்கிக் கோபுரத்தை 2002-இல் தூக்கினார்கள். அதற்கு மின்பகுப்புதான் செய்தார்கள். அதை ஏன் வீட்டில் செய்யக் கூடாது?

காப்புக்கூடம்:

செய்யலாம், உள்ளே உலோகம் உறுதியாக இருந்தால். மானிட்டரின் கோபுரம் பல அங்குல இரும்புத் தகடு. மெல்லிய கத்தி அலகில் உலோகம் முழுக்கத் துருவாக மாறியிருக்கலாம். மின்பகுப்பின்போது உலோகத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பி, மேலே இருக்கும் துருவைத் தள்ளி உதிர்க்கும். உள்ளே தண்டு போல உலோகம் இருந்தால் அது மிஞ்சும். இல்லையென்றால் மறுநாள் வாளியின் அடியில் கறுப்புச் சேறுதான் இருக்கும். அதைத் திரும்ப ஒட்ட முடியாது.

அதனால் முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரே எடுப்பதுதான் சிறந்தது, ஆய்வகங்களில் அதைத்தான் முதலில் செய்வோம். அது கிடைக்காவிட்டால் எடை. பொருளைக் காற்றில் எடை போடுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போடுங்கள். இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசத்தால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். இரும்பு 7.8-க்கு அருகில். துருவின் பெரும்பகுதி 4-க்கும் 5-க்கும் இடையில், மணல் 2.6 சுமார். உங்களுக்கு 6, 7 என்று வந்தால் நல்ல உலோகம் இருக்கிறது. 4-க்குக் கீழே என்றால் துருவும் மணலும்தான். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். கறுப்புத் துருவான மேக்னடைட்டும் காந்தத்தை இழுக்கும். (நொறுங்கும் நிலையில் இருக்கும் பொருளை நனைக்க வேண்டாம். அதைக் கையில் எடுக்கும்போதே எடை காட்டிக்கொடுத்துவிடும், அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருக்கும்.)

தேடுகம்பி:

வளையத்துக்கு 7-ஐ ஒட்டி வந்தது. ஆணிகள் ஒன்றுக்கொன்று மாறுகின்றன. கத்தியை நனைக்கவில்லை, லேசாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி லென்ஸில் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. பிடி இருந்திருக்க வேண்டிய முனையில், துருவுக்குள் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன. விரிசல் மாதிரி இல்லை, வரிசையாக இருக்கின்றன. இது என்ன?

காப்புக்கூடம்:

படம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரிப்பது மரப் பிடியின் நார் போல இருக்கிறது. மரம் மட்கிப் போகும் முன் இரும்பு உப்புகள் அதற்குள் ஊறி, நார் நாராக மரத்தின் இடத்தைத் துரு எடுத்துக்கொள்ளும். மரம் போய்விடும், அதன் வடிவம் துருவில் நிற்கும். துணி, தோல், கயிறு எல்லாமே இப்படி இரும்பின் மேல் படிந்து கிடைத்திருக்கின்றன. சில துண்டுகளில் நெசவின் பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணிவிடலாம். நுண்ணோக்கியில் என்ன வகை மரம் என்று சொல்ல முடிவதும் உண்டு. வாள் உறை எந்த மரத்தில் செய்தது, கத்தி எந்தத் துணியில் சுற்றிப் புதைக்கப்பட்டது என்பதெல்லாம் பல இடங்களில் இந்தத் துருவிலிருந்துதான் தெரியவந்தது.

இப்போது புரியும் என்று நினைக்கிறேன், நான் ஏன் கிரைண்டரைக் கண்டு பதறுகிறேன் என்று. அந்த முனையைத் தொடாதீர்கள். பிரஷ் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். உலர்வாக வைத்து, அருகில் இருக்கும் அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையிலோ காட்டுங்கள். கிடைத்த இடம், ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்பதை இன்றே எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கத்தியின் பாதி மதிப்பு போய்விடும்.

பட்டறைக்காரன்:

சரி, கத்தி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா ஆணியையும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போக முடியாது. உலோகம் நிறைய இருக்கும் வளையத்துக்கு மின்பகுப்பு பொருத்தம்தான். செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தண்ணீர் நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட். சமையல் உப்பை ஒருபோதும் போடாதீர்கள். குளோரின் வாயு வரும், நாம் வெளியேற்ற நினைக்கும் குளோரைடையே திரும்ப ஊட்டுவதாகவும் ஆகும். பொருள் சார்ஜரின் எதிர்மின் முனையில், அதாவது கறுப்புக் கவ்வியில். தகடு நேர்மின் முனையில். இது மாறினால் கரைவது உங்கள் பொருள்தான், இணைப்பை இரண்டு முறை பாருங்கள். கறுப்புக் கவ்வி பிடிக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் துருவைச் சுரண்டி உலோகத்தைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் ஓடாது. தகடும் பொருளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தகட்டை நேராகப் பார்க்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், அதனால் இருபுறமும் தகடு வைப்பது நல்லது.

தகடு சாதாரண இரும்பாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், அதிலிருக்கும் குரோமியம் கரைந்து புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியமாகத் தண்ணீரில் சேரும். துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். வெளிவரும் ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும், எனவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சார்ஜரை அணைத்துவிட்டுத்தான் கவ்வியைக் கழற்ற வேண்டும்.

காப்புக்கூடம்:

நல்ல விளக்கம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: மின்னோட்டத்தைக் குறைவாக வையுங்கள். வாளி கொதிப்பது போல நுரைத்தால் அது அதிகம். மெல்லிய குமிழிகள் எழும் அளவுக்கு வைத்து, அதிக நேரம் விடுங்கள். இடையிடையே எடுத்து மென்மையான நைலான் பிரஷால் வருடிப் பாருங்கள். கருமையான இறுகிய படலம் தெரிந்ததும் நிறுத்துங்கள், வெள்ளையாக உலோகம் தெரியும்வரை போக வேண்டியதில்லை.

ஈரமண்:

நான் வினிகரில் ஊறவைப்பேன். சிலர் சிட்ரிக் அமிலம் என்கிறார்கள். மின்சாரம், வெடிப்பு எந்தத் தொல்லையும் இல்லை. இதில் என்ன தவறு?

வேதிப்பித்தன்:

அமிலம் துருவை மட்டும் கரைப்பதில்லை, இரும்பையும் கரைக்கும். புதுக் கருவியில் ஒரு மைக்ரான் போனால் தெரியாது. பள்ளமும் துளையுமாக இருக்கும் பழைய இரும்பில் அமிலம் உள்ளே புகுந்து நின்றுவிடும், மேலே கழுவினால் வராது. எடுத்த சில நிமிடங்களில் ஆரஞ்சுப் படலம் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் கிடந்த இரும்புக்கு நான் அமிலத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். கையில் பிடித்து வேலை செய்யும் பழைய கருவிகளுக்குச் சிட்ரிக் அமிலம் பரவாயில்லை. ஊறியபின் சலவை சோடா கரைசலில் முக்கி அமிலத்தை முறித்து, உடனே உலர்த்தினால் போதும்.

உப்பை வெளியேற்ற நாம் போக வேண்டியது எதிர்ப் பக்கம், காரம். கார நீரில் இரும்பு துருப்பிடிக்காமல் நிற்கும், உள்ளிருக்கும் குளோரைடு மெல்ல வெளியே ஊறும். எளிய முறை சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, லிட்டருக்கு 20 கிராம். அமெரிக்காவில் 1864-இல் மூழ்கி 2000-இல் மேலே கொண்டுவரப்பட்ட ஹன்லி நீர்மூழ்கிக் கப்பலையும் 2014 முதல் இதே காரக் கரைசலில்தான் ஊறவைத்தார்கள். ஆய்வகங்களில் இதோடு சோடியம் சல்பைட் சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி 60 டிகிரி வரை சூடாக்குவார்கள். ஆக்சிஜனையும் அது நீக்கிவிடும் என்பதால் வேகமாக உப்பு வெளியேறும். சூடான காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வை போகும். எனவே வீட்டில் சூடாக்க வேண்டாம், அறை வெப்பமே போதும், மாதக்கணக்கில் ஆகட்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது, கரைந்து ஹைட்ரஜனை விடும். மரம், எலும்பு, தோல் ஒட்டியிருக்கும் பொருளைப் போடவே கூடாது.

தேடுகம்பி:

வளையத்துக்கு இதைத்தான் செய்யப் போகிறேன். உப்பு வெளியேறி முடிந்தது என்று எப்படித் தெரியும்?

வேதிப்பித்தன்:

கரைசலை அவ்வப்போது மாற்ற வேண்டும். மாற்றும்போதெல்லாம் பழைய கரைசலில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் சில துளி விட்டு அமிலமாக்கி, பிறகு சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுங்கள். குளோரைடு இருந்தால் பால் போல வெண்மையாகக் கலங்கும். அமிலமாக்காமல் விட்டால் காரமே பழுப்பு வீழ்படிவைக் கொடுத்து ஏமாற்றிவிடும். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்புக் கறை, கவனம். குளோரைடு அளவு காட்டும் சோதனைப் பட்டைகளும் உண்டு, அவற்றுக்கும் முதலில் கரைசலை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்தடுத்த மாற்றங்களில் கலங்கல் குறைந்துகொண்டே வந்து ஏறத்தாழ நின்றால் போதும். குழாய் நீரிலேயே குளோரைடு இருக்கும், எனவே கடைசி மாற்றங்களுக்கு காய்ச்சி வடித்த நீர் எடுங்கள்.

உள்ளே முழுவதும் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பகுதி போகும். அதனால்தான் கடைசியில் உலர்வாக வைப்பதும் முக்கியம்.

ஈரமண்:

டானிக் அமிலம் பூசினால் துரு நின்றுவிடும் என்கிறார்களே? அதை முதலிலேயே பூசிவிடலாமா?

காப்புக்கூடம்:

முதலில் பூசாதீர்கள். டானிக் அமிலம் துருவிலிருக்கும் இரும்போடு சேர்ந்து நீலக் கறுப்பான டானேட் படலமாகிறது. அழகாகவும் இருக்கும், கொஞ்சம் காக்கவும் செய்யும். ஆனால் அது மேலே. உள்ளே உப்பு இருந்தால் அந்தக் கறுப்புப் படலத்தைத் தூக்கிக்கொண்டே சில்லு பெயரும். உப்பை எடுத்து, கழுவி, உலர்த்தியபின் தூரிகையால் மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது. உலர்த்த அடுப்பில் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் சூடாக்கலாம், உறுதியான பொருளாக இருந்தால். இல்லையென்றால் அசிட்டோனில் முக்கி நீரை வெளியேற்றி உலர விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

அதன் மேல் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு. பொருளைக் கை பொறுக்கும் சூட்டுக்குச் சூடாக்கித் தடவினால் மெழுகு துளைகளுக்குள் இறங்கும், மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள். எஞ்சின் ஆயில் வேண்டாம். தூசியைப் பிடிக்கும், நீரை முழுதாகத் தடுக்காது, பிற்பாடு வேறு சிகிச்சை செய்ய நினைத்தால் துளைகளில் அடைந்த ஆயிலை எடுப்பதே பெரும் வேலை. பெயர்ந்த சில்லை ஒட்ட பாராலாய்டு பி-72 என்ற பிசின் சிறந்தது, பின்னால் அசிட்டோனில் கரைத்துப் பிரிக்கலாம். உடனடிப் பசை ஒருபோதும் வேண்டாம்.

பட்டறைக்காரன்:

கொதிக்கும் மெழுகில் முக்குவார்களே, அதைப் பற்றி?

காப்புக்கூடம்:

100 டிகிரிக்கு மேல் சூடான மெழுகில் அமிழ்த்தினால் உள்ளிருக்கும் ஈரம் குமிழியாக வெளியேறும், குமிழிகள் நின்றதும் எடுப்பார்கள். கடலடிப் பொருள்களுக்கு இது பழைய முறை. மெழுகு தீப்பிடிக்கும், ஈரப் பொருளைப் போட்டால் பொங்கி வழியும். அடுப்பு மேல் திறந்த பாத்திரத்தில் செய்வதை நான் ஆதரிக்கவில்லை.

ஈரமண்:

என் நண்பர் கடற்கரையில் உருண்டையான இரும்பு ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறார். பீரங்கிக் குண்டு மாதிரி இருக்கிறது. அவர் வெயிலில் காயவைக்கலாம் என்கிறார்.

காப்புக்கூடம்:

காயவைக்க வேண்டாம், சுரண்ட வேண்டாம், தட்ட வேண்டாம். அதற்கு முன்பு, அது உள்ளீடற்ற வெடிகுண்டாக இருக்க வாய்ப்பு உண்டா என்று பாருங்கள். எங்காவது திரி சொருகும் துளையோ மூடியோ தெரிந்தால், அல்லது சந்தேகம் இருந்தாலே, அங்கேயே விட்டுவிட்டுக் காவல்துறைக்குத் தெரிவிக்கட்டும். கருமருந்து நூறாண்டு கழித்தும் வெடிக்கும். மின்பகுப்பு வாளியில் போடும் எண்ணமே வரக் கூடாது.

திடமான இரும்பு உருண்டை என்று உறுதியானால், கடல் நீரிலிருந்து வந்த வார்ப்பிரும்பு மிகவும் ஆபத்தான நிலையில் இருக்கும். கடலில் இரும்பு கரைந்து போய், கார்பன் மட்டும் கிராஃபைட் கூடாக நிற்கும். வெளியே உருவம் அப்படியே இருக்கும், நகத்தால் கீறினால் கறுப்பாக வரும். காயவிட்டால் விரிசல் விட்டுப் பிளக்கும். அதனால் நண்பர் உடனே தண்ணீரில் முழுவதும் மூழ்க வைக்கட்டும், சலவை சோடா கலந்த நீராக இருந்தால் நல்லது. அதற்கு மேல் அருங்காட்சியகத்திடம் பேச வேண்டும், வருடக்கணக்கில் ஊறவைக்க வேண்டிய வேலை அது.

தேடுகம்பி:

உலர்வாக வைப்பது பற்றி ஒரே கேள்வி. எவ்வளவு உலர்வு? சிலிக்கா ஜெல் எப்போது மாற்ற வேண்டும்?

வேதிப்பித்தன்:

ஆய்வுகளில் காட்டப்பட்டது இது: உப்பு நிறைந்த இரும்பு, காற்றின் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே வந்தால் துருப்பிடிப்பது நின்றே விடுகிறது. 20 சதவீதத்தில் நின்றுவிடாது, ஆனால் மிகவும் மெதுவாகிவிடும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருக்கும் கிரேட் பிரிட்டன் என்ற பழைய இரும்புக் கப்பலின் அடிப்பாகத்தைச் சுற்றி 20 சதவீத அளவில் உலர் காற்றைச் செலுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். அறையில் வைக்கும்போது 50, 60 இருக்கும், அதனால்தான் மூடிய டப்பா.

காற்றுப் புகாத பாலித்தீன் டப்பா, உள்ளே விலை குறைந்த சின்ன ஈரப்பதமானி ஒன்று, பொருளின் எடை அளவுக்காவது சிலிக்கா ஜெல். பொருள் ஜெல்லைத் தொடாமல் துளையிட்ட பையில் தனியாக இருக்கட்டும். நிறம் மாறும் ஜெல் வாங்குங்கள். ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகை நல்லது. நீலம் இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. ஈரப்பதமானி 15-ஐத் தாண்டத் தொடங்கினால் ஜெல்லை அடுப்பில் 110 டிகிரி சுமாருக்குச் சூடாக்கி, ஆறியபின் திரும்ப வைக்கலாம். அதே ஜெல் மறுபடி மறுபடி உதவும்.

காப்புக்கூடம்:

அந்த டப்பாவின் வெளியே எழுதும் சீட்டைப் போலவே உள்ளேயும் ஒன்று வையுங்கள், பென்சிலில் எழுதி. மை நாள்பட வெளிறும், சீட்டும் உதிரும். மேலே தேதி, இடம், ஆழம், இதுவரை செய்த சிகிச்சை எல்லாம் இருக்கட்டும். என்ன பூசினீர்கள் என்று அடுத்து பார்ப்பவருக்குத் தெரிந்தால்தான் அதைக் கரைத்து மேலே வேலை செய்ய முடியும்.

ஆணிகள் பற்றிக் கேட்டீர்கள். உலோகம் இருப்பதை மட்டும் காரத்தில் ஊறவைத்து, கருமையான படலம் தெரியும்வரை சுரண்டுகோலால் மெல்ல எடுங்கள். மற்றதை அப்படியே டப்பாவில் வையுங்கள். எந்த ஆணியிலும் அந்த மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

பட்டறைக்காரன்:

கம்பி பிரஷை இனி கொட்டகையிலிருந்து வரும் பழைய கருவிகளோடு நிறுத்திக்கொள்கிறேன். தேடுகம்பி, வளையத்தை ஊறப்போட்டால் முதல் கரைசல் மாற்றத்தில் வெள்ளைக் கலங்கல் எவ்வளவு வந்தது என்று இங்கே எழுதுங்கள். என் பட்டறையிலும் மண்ணில் எடுத்த கலப்பைக் கொழு ஒன்று இருக்கிறது. அதையும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எந்த வாளியில் போடுவது என்று முடிவு செய்வேன்.